ஊசிமுனைக் காயங்களும் தாதியர் பாதுகாப்பும்

தற்கால வைத்தியத்தில் ஊசியைப் போல் எங்கும் பரவியுள்ள கருவி வேறொன்று இல்லை எனலாம். மருந்தை உடலுள் செலுத்தவும், பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவும், சோர்ந்த நோயாளிக்கு நாளத்தின் வழியே நீர் ஏற்றவும், குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து அளிக்கவும் ஊசியே துணை. 1853ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து வைத்தியர் அலெக்சாண்டர் வுட், பிரான்சு நாட்டு வைத்தியர் சார்ல் பிரவாஸ் ஆகிய இருவரும் தனித்தனியே உட்டுளை ஊசியையும் சிரிஞ்சையும் இணைத்துப் பயன்படுத்தத் தொடங்கினர். அன்று முதல் இன்றுவரை இக்கருவி காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆயினும், நோயாளிக்கு நலம் செய்யும் அதே ஊசி, அதைக் கையாளும் தாதியின் விரலில் ஒரு கணம் தைத்துவிடுமாயின், நோயாளியின் இரத்தத்திலுள்ள கிருமிகளை அவளுடைய உடலுக்குக் கொண்டு சேர்க்கவும் கூடும்.

இது அரிதாக நேரும் விபத்தன்று. 2000ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்த உலக சுகாதார ஸ்தாபனம், உலகிலுள்ள ஏறத்தாழ 3.5 கோடி மருத்துவ ஊழியர்களுள் 30 லட்சம் பேர் ஆண்டுதோறும் இத்தகைய காயங்களால் இரத்தவழி நோய்க் கிருமிகளின் தொடர்புக்கு ஆளாகின்றனர் என மதிப்பிட்டது. அவற்றின் விளைவாக ஓராண்டில் ஏறத்தாழ 66,000 பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோயும், 16,000 பேருக்கு ஹெப்படைட்டிஸ் சி நோயும், 1,000 பேர்வரை எச்.ஐ.வி. தொற்றும் ஏற்படக்கூடும் என்றும் அம்மதிப்பீடு கூறியது.

இக்காயங்களைத் தாதியின் கவனக்குறைவால் நேர்வன என்று கருதும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்துள்ளது. அது முற்றிலும் பொருந்தாது. கருவியின் அமைப்பு, வேலையின் ஒழுங்கு, பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி இருக்கும் இடம், இரவுப் பணியில் உள்ளோரின் எண்ணிக்கை ஆகியனவே பெரும்பாலும் இக்காயங்களுக்குக் காரணமாகின்றன. காரணம் இவற்றில் இருப்பதால், தடுக்கும் வழியும் இவற்றிலேயே உள்ளது.

மலைநாட்டில் காலமும் தூரமும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, ஏலத்தோட்டங்கள் சூழ அமைந்தது சக்குபள்ளம் ஊராட்சி. மலையாளமும் தமிழும் ஒருங்கே வழங்கும் நிலம் இது. கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்காக மக்கள் நாள்தோறும் குமுளி, கம்பமெட்டு வழியாக ஜீப்புகளில் மலையேறி வந்து மாலையில் திரும்புகின்றனர். காய்ச்சலும் மேல்வலியும் வந்தால், “சிஸ்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்” என்று கேட்பது இத்தொழிலாளரிடையே சாதாரணம்.

இத்தகைய பகுதிகளில் தாதியின் பணி மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்குவதன்று. கேரள அரசு 2008ஆம் ஆண்டில் வகுத்த வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கையின் பயனாக, ஊராட்சிகள்தோறும் தாதியர் வீடு வீடாகச் சென்று படுக்கையிலுள்ள நோயாளிகளைப் பேணுகின்றனர். மங்கலான விளக்கொளியில், கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டு ஊசி போடும் தாதிக்கு, மருத்துவமனையிலுள்ள மேசையும் வெளிச்சமும் உதவியாளும் கிடைப்பதில்லை. பயன்படுத்திய ஊசியை எங்கே வைப்பது என்பதே அங்கு முதற் கேள்வியாகிறது.

காயம் பட்டபின் எழும் இடர் இதனினும் பெரிது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குதல் சிறந்தது. 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதால் பயனில்லை. குமுளியிலிருந்து கோட்டயம் 100 கிலோமீட்டருக்கு மேல். தேனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இரண்டு வழிகளிலும் வளைவுகள் நிறைந்த மலைப்பாதை உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவால் வழி அடைபடுவதும் உண்டு. ஆகவே, நகரத்து மருத்துவக் கல்லூரியில் மருந்து உண்டு என்னும் செய்தி மலையிலுள்ள தாதிக்குப் போதாது. முதல் வேளை மருந்து அவள் பணிபுரியும் நிலையத்திலோ, அடுத்துள்ள மருத்துவமனையிலோ இரவும் பகலும் கிடைத்தல் வேண்டும்.

ஊசிக்குள் தங்கும் இரத்தம்

எல்லா ஊசிகளும் ஒரே அளவான அபாயம் உடையனவல்ல. தையல் ஊசி உட்டுளை இல்லாதது. அதன் புறத்தில் ஒட்டிய இரத்தம் மட்டுமே காயத்தினுட் செல்லும். இரத்தம் எடுக்கும் ஊசியோ நடுவே துளையுள்ளது. அத்துளைக்குள் இரத்தம் தேங்கி நிற்கும். தோலைத் துளைக்கும்போது அது நேரே திசுக்களுள் இறங்குகிறது. கையுறை ஊசியைத் தடுக்காது. ஆயினும் ஊசியின் புறத்திலுள்ள இரத்தத்தின் ஒரு பகுதியைத் துடைத்துவிடும். கையுறை அணிவதால் உண்டாகும் பயன் இது.

ஆழமான காயம், கண்ணுக்குத் தெரியுமாறு கருவியின்மேல் இருந்த இரத்தம், நோயாளியின் நாளத்தில் நேரே செலுத்தப்பட்டிருந்த ஊசி, நோயாளியின் முற்றிய நிலை ஆகிய நான்கும் எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தை மிகுவிப்பன என்று 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிடோவுடின் என்னும் மருந்தைக் காயத்திற்குப் பின் உட்கொண்டவர்களிடையே தொற்றும் அபாயம் ஏறத்தாழ நூற்றுக்கு 81 பங்கு குறைந்திருந்ததையும் அவ்வாய்வே வெளிப்படுத்தியது.

மூன்று கிருமிகள்

ஊசிமுனைக் காயத்தால் இருபதுக்கும் மேற்பட்ட நோய்கள் பரவக்கூடுமெனினும், முதன்மையானவை மூன்று.

முதலாவது ஹெப்படைட்டிஸ் பி. தடுப்புச் சக்தி இல்லாத ஒருவருக்கு, இந்நோயுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி தைத்தால், நூற்றுக்கு 6 முதல் 30 வரை தொற்றும் வாய்ப்பு உண்டு. இக்கிருமி உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. ஆகவே, நேற்றுக் குப்பையில் எறிந்த ஊசி இன்று அபாயமற்றது என்று எண்ணுதல் தவறு.

இரண்டாவது ஹெப்படைட்டிஸ் சி. இது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 என முன்னர்க் கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதனினும் குறைவாகவே காட்டுகின்றன. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும், வாய்வழி உட்கொள்ளும் புதிய மருந்துகளால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஏறத்தாழ மூன்று மாதங்களில் குணமடைகின்றனர்.

மூன்றாவது எச்.ஐ.வி. பொதுமக்கள் மிகவும் அஞ்சுவது இதனையே. ஆனால் தொற்றும் வாய்ப்பு இதற்கு மிகக் குறைவு என்பது கவனிக்கத்தக்கது. ஆயிரம் காயங்களுக்கு ஏறத்தாழ 3 என்பதே கணக்கு. ஊசிமுனைக் காயத்தால் இக்கிருமி தொற்றியமை முதன்முதலாக 1984ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் பதிவாயிற்று. நம் நாட்டில் இக்கிருமி 1986ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டன. கையுறை முதலிய பாதுகாப்பு எதுவுமின்றியே அவர் அம்மாதிரிகளை எடுத்தார் என்பது, அக்காலத்தில் இந்த அபாயம் எவ்வளவு குறைவாக உணரப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று.

காயம் எப்போது நேர்கிறது?

ஊசி நோயாளியின் உடலிலுள்ள வேளையைக் காட்டிலும், அதை வெளியே எடுத்த பின்னரே காயம் நேரும் தருணங்கள் மிகுதி. சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றும்போதும், மூடியை மீண்டும் பொருத்தும்போதும், கழிவுத்தட்டைத் துப்புரவு செய்யும்போதும், நிரம்பி வழியும் பெட்டிக்குள் மேலும் ஓர் ஊசியைத் திணிக்கும்போதும் காயங்கள் நேர்கின்றன. நோயாளி திடீரெனக் கையை இழுத்துக்கொள்வதாலும், பக்கத்தில் நிற்பவர் தாதியின் முழங்கையில் மோதுவதாலும் நேர்வனவும் உண்டு.

மூடியைப் பொருத்தும் செயலை ஆராய்ந்தால் அதன் குறை எளிதில் விளங்கும். ஒரு கையில் கூரிய ஊசி. மறு கையில் விரலளவே அகலமுள்ள மூடி. இரண்டும் எதிரெதிராக நெருங்குகின்றன. குறி சிறிது தவறினும் ஊசி மூடியைப் பிடித்த விரலில் தைக்கும். ‘பாதுகாப்புக்காக மூடுகிறோம்’ என்ற எண்ணமே காயத்துக்கு வழி செய்கிறது. இதனால்தான் அமெரிக்க நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது முன்னெச்சரிக்கை விதிகளில், பயன்படுத்திய ஊசியை மூடுதல், வளைத்தல், முறித்தல், கையால் கழற்றுதல் ஆகியன கூடா என்று வலியுறுத்தியது. மூடியே ஆக வேண்டிய அரிய சந்தர்ப்பத்தில், மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதனுள் நுழைத்து எடுப்பதே முறை. மற்றக் கை அருகில் வரலாகாது.

காயம் தாதியரோடு நிற்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2006–07இல் பதிவான காயங்களைப் பற்றிய ஆய்வில், தெரிவித்த 296 பேருள் 84 பேர் தாதியர். 64 பேர் துப்புரவு ஊழியர். ஊசி போடுதல் துப்புரவு ஊழியரின் வேலையன்று. பிறர் கண்ட இடத்தில் விட்ட ஊசியே அவர்கள் கையில் தைக்கிறது. வீடுகளிலும் இதே நிலைதான். நீரிழிவு நோயாளிகள் இன்சுலின் செலுத்திய ஊசியைப் பிளாஸ்டிக் குப்பையோடு சேர்த்துக் கட்டி வைத்தால், கேரளத்து ஊராட்சிகளில் வீடு வீடாகச் சென்று குப்பை திரட்டும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் விரல்களே அதற்கு இரையாகும்.

தடுக்கும் வழிகள்

தடுப்பு முறைகளுள் முதலில் வைத்தெண்ணத்தக்கது, தேவையற்ற ஊசியைத் தவிர்த்தல். 2002 முதல் 2004 வரை நம் நாடு முழுவதும் நடந்த ஓர் ஆய்வின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி ஊசிகள் போடப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு 63 பாதுகாப்பற்ற முறையில் போடப்பட்டவை. மாத்திரையால் தீரும் காய்ச்சலுக்கு ஊசி கேட்கும் பழக்கத்தை மக்கள் கைவிட வேண்டும். கேட்டதற்காகக் கொடுக்கும் பழக்கத்தை வைத்தியர்கள் கைவிட வேண்டும். போடாத ஊசி எவரையும் குத்துவதில்லை.

இரண்டாவது, கருவியைத் திருத்துதல். மருந்தைச் செலுத்தி முடித்ததும் ஊசி தானாகவே குழலுக்குள் பின்வாங்கும் சிரிஞ்சுகளும், நாளத்திலிருந்து எடுக்கும்போதே முனையை உறை மூடிக்கொள்ளும் ஊசிகளும் இன்று கிடைக்கின்றன. இவற்றைப் பயன்படுத்துமாறு அமெரிக்க நாட்டில் 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சட்டம் இயற்றப்பட்டது. அதனை அடுத்து மருத்துவமனை ஊழியரிடையே இக்காயங்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 38 குறைந்தன என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். மக்கள் அதே மக்கள். கருவி மாறியது, காயமும் குறைந்தது. இக்கருவிகளின் விலை சாதாரண ஊசியினும் கூடுதல் என்பது உண்மையே. எல்லா வேலைக்கும் வாங்க இயலாவிடினும், அபாயம் மிகுந்த இரத்தம் எடுக்கும் ஊசிக்கும் நாளத்தில் பொருத்தும் ஊசிக்குமாவது முதலில் வாங்குதல் நன்று.

மூன்றாவது, துளைக்க இயலாத பெட்டி. இந்திய அரசு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஊசி, கத்தி முதலிய கூர்ப்பொருள்கள் ஒளி ஊடுருவும் வெண்ணிறப் பெட்டியில் இடப்பட வேண்டும். அது துளைபடாததாயும், கசியாததாயும், உள்ளிட்டதை வெளியெடுக்க இயலாததாயும் இருத்தல் வேண்டும். பெட்டி இருந்தால் மட்டும் போதாது. இருக்கும் இடமே முக்கியம். ஊசி போடும் கைக்கு எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும். ஊசியை ஏந்திக்கொண்டு அறையின் மறுகோடிக்கு நடக்கும் ஒவ்வோர் அடியும் அபாயமே. முக்கால் பங்கு நிறைந்ததும் பெட்டியை மூடி, வேறு பெட்டி வைத்துவிட வேண்டும். வீடு செல்லும் தாதியின் பையிலும் சிறியதொரு பெட்டி இருத்தல் அவசியம். ஊசியையும் அது பொருந்தும் முனையையும் உடனே வெட்டிவிடும் கருவி நம் மருத்துவமனைகளில் பரவலாக உள்ளது. கையால் கழற்றும் வேலையை அது நீக்குகிறது.

பெட்டியில் சேர்ந்தவை பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, கிருமி நீக்கப்பட்டு, உருத்தெரியாமல் சிதைக்கப்படுகின்றன. பாலக்காட்டு மாவட்டத்தில் இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை ‘இமேஜ்’ என்னும் பெயரில் நடத்தும் நிலையம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வீட்டில் இன்சுலின் செலுத்திக்கொள்வோர், கெட்டியான பிளாஸ்டிக் புட்டியொன்றில் ஊசிகளைச் சேர்த்து, மூடியை இறுக்கி, சுகாதார நிலையத்தாரிடம் ஒப்படைக்கும் முறையைக் கேட்டறிதல் வேண்டும்.

தடுப்பூசி என்னும் கவசம்

1965ஆம் ஆண்டில் பரூக் பிளம்பர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பே ஹெப்படைட்டிஸ் பி கிருமியை அறியும் வழியைத் திறந்தது; அதற்காக அவர் 1976இல் நோபெல் பரிசு பெற்றார். 1980களின் தொடக்கத்தில் தடுப்பூசி வந்தது. 1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே இதனைத் தயாரித்ததும், விலை வெகுவாகக் குறைந்தது.

இதன் பயனை ஒரு கணக்கு விளக்கும். அமெரிக்க மருத்துவ ஊழியரிடையே 1983இல் ஏறத்தாழ 17,000 பேரைப் பற்றிய இந்நோய், 1995இல் ஏறத்தாழ 400 பேரையே பற்றியது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்பது முறை. மூன்றாவது ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்குப் பின் இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்பொருள் லிட்டருக்கு 10 அலகுக்குக் குறையாமல், அதாவது மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு அளவில், உள்ளதா என்று உறுதிசெய்து கொள்ளல் வேண்டும். இரண்டு ஊசிகளோடு நிறுத்திவிடுவது நம்மிடையே காணப்படும் பெருங்குறை. மாணவப் பருவத்திலேயே, நோயாளியின் அருகே செல்லும் முன்னர், தாதிக்கு மூன்று ஊசிகளும் போடப்பட வேண்டும். துப்புரவு ஊழியருக்கும் இது அத்தனை அவசியம்.

காயம் பட்டவுடன் செய்ய வேண்டியவை

விரலைப் பிசைந்து இரத்தத்தை வெளியேற்றுதல், வாயில் வைத்து உறிஞ்சுதல், காயத்தில் சலவைத் திரவம் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களை ஊற்றுதல் ஆகியன கூடா. இவை திசுக்களைப் புண்படுத்துமேயன்றிக் கிருமிகளைப் போக்கா. ஓடும் நீரிலும் சோப்பிலும் காயத்தைக் கழுவுவதே போதுமானது. கண்ணில் இரத்தம் தெறித்தால் தூய நீரால் நன்கு அலம்ப வேண்டும்.

அடுத்து, மேலதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நோயாளியின் இரத்தத்தை அவருடைய சம்மதத்தோடு சோதிப்பதும், காயம்பட்டவரின் அன்றைய நிலையை அறியச் சோதிப்பதும் அதன் பின்னர் நடைபெறும். ஆனால் இம்முடிவுகளுக்காகக் காத்திராமல், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளையை வைத்தியரின் ஆலோசனைப்படி தொடங்கிவிட வேண்டும். தேவையில்லை எனத் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். தேவையெனின் 28 நாட்கள் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் வெளியிட்ட நெறிகள், டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை இதற்குப் பரிந்துரைக்கின்றன. ஹெப்படைட்டிஸ் பி தடுப்புச் சக்தி இல்லாதவர்க்கு, 24 மணி நேரத்துக்குள் அந்நோய்க்குரிய இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் அளித்தல் நன்று. பின்னர் ஆறாவது வாரத்திலும், மூன்றாவது, ஆறாவது மாதங்களிலும் சோதனை தொடரும்.

மறைத்தலே பெருங்கேடு

மருந்தும் முறையும் இருந்தும் பலர் காயத்தை வெளியிடுவதில்லை. ‘கவனமில்லாதவள்’ என்ற ஏச்சு வரும், வேலைக்கு இடையூறு நேரும், வீட்டாரும் அயலாரும் ஐயுறுவர் என்னும் அச்சங்களே காரணம். யாவரும் ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்களில் இவ்வச்சம் மேலும் மிகுதி. மறைத்த காயத்துக்கு மருந்து இல்லை. இரண்டு மணி நேரமும் 72 மணி நேரமும் மௌனத்திலேயே கழிந்துவிடுகின்றன.

சட்டம் தாதியின் பக்கம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகள், கழிவுகளைக் கையாளும் ஊழியர் அனைவருக்கும் ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போடும் கடமையை மருத்துவமனையின்மேல் சுமத்துகின்றன. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்று அபாயமுள்ள மருத்துவ நிலையங்கள் தம் ஊழியர்க்குப் பாதுகாப்புச் சாதனங்களும், பயிற்சியும், காயத்துக்குப் பிந்திய தடுப்பு மருந்தும் அளிக்க வேண்டும் என விதிக்கிறது. தாதி இவற்றைக் கேட்பது சலுகை வேண்டுவதாகாது, உரிமையைக் கோருவதேயாகும்.

ஆகவே, ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் நான்கு செய்திகள் எழுதி ஒட்டப்பட வேண்டும்: காயம் பட்டால் யாரிடம் சொல்வது, முதல் வேளை மருந்து எந்த அலமாரியில் உள்ளது, இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும், மேற்சிகிச்சைக்கு எங்கே செல்வது. காயத்தைத் தெரிவிப்பவரைக் கடிந்துகொள்ளாமல், அக்காயம் எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்ந்து குறையை நீக்கும் வழக்கம் அதிகாரிகளிடம் வேரூன்ற வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெட்டியும், மூன்று தடுப்பூசிகளும், அலமாரியில் சில மாத்திரைகளும், சொல்லியதைப் பொறுமையோடு கேட்கும் ஓர் அதிகாரியும் இருப்பின், நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பணிபுரியும் தாதியைப் போலவே, ஏலமலைக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் செல்லும் தாதியும் அச்சமின்றித் தன் தொண்டை ஆற்ற இயலும்.